என் வீட்டில் ஆறடி ஆழம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். அதோடு, எங்கள் வெட்டாங்கரைப் பேரூராட்சியில் யார் எதைச் சொன்னாலும் அது இணையதளத்தோடு பொருந்த வேண்டும்.

ஊரின் மரம், குளம், குப்பை நிலவரத்தை மக்கள் செல்போனிலேயே பார்க்கட்டும் என்று பேரூராட்சி இணையதளத்தில் போட்டிருந்தார்கள். அப்புறம் மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இணையதளத்தில் இருப்பதும் ஊரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பாராம்.

தலைவர் சிங்காரவேலு, கிளார்க் வேதமூர்த்தி, குழாய் திறந்துவிடும் கென்னடி மூவரும் கூடி யோசித்தார்கள்.

"இணையதளத்தைத் திருத்திடலாமா?" என்றார் தலைவர்.

"பாஸ்வேர்டு தெரிஞ்ச கம்ப்யூட்டர்காரர் வேலையை விட்டுட்டுத் திருப்பூர் போயிட்டாருங்க" என்றார் வேதமூர்த்தி.

"அப்ப ஊரைத் திருத்திடுவோம். ஊருக்குப் பாஸ்வேர்டு கிடையாதே."

கடைத்தெருவில் பத்து வேப்பமரம் என்று போட்டிருந்தது. எண்ணினால் பதின்மூன்று. பசுமையைக் காப்பாற்ற மூன்றை வெட்டினார்கள். தெருவிளக்கெல்லாம் சோலார், வெயிலில் எரிபவை என்று இருந்ததால், வெயில் அடிக்கும்போது மட்டும் எரியவிட்டார்கள். குப்பையே இல்லாத தெரு என்று போட்டிருந்த தெருவின் குப்பையை, இணையதளத்தில் பெயரே வராத தெருவில் கொட்டினார்கள். புகார் சொல்லப் போனவரிடம், "அப்படி ஒரு தெருவே இல்லையேங்க" என்றார் வேதமூர்த்தி.

வியாழக்கிழமை தண்ணீர் லாரியோடு என் வாசலுக்கு வந்தார்கள்.

"பவுனக்கா, உங்க வீடு இருக்குற இடத்துல குளம்னு போட்டிருக்கு. ஆழம் ஆறடி. கொஞ்சம் வெளியே வந்தீங்கன்னா நிரப்பிடுவோம்" என்றான் கென்னடி.

"ஏப்பா, போன மாசம் இதே வீட்டுல உக்காந்து மோர் குடிச்சியே?"

"குடிச்சேன்க்கா. குளத்துல உக்காந்து குடிக்கிறோம்னு அப்பத் தெரியலையே."

"கதவிடுக்குல தண்ணி ஒழுகுமே" என்று கவலைப்பட்டார் தலைவர்.

"சிமெண்டு வச்சு அடைச்சிடலாங்க" என்றார் வேதமூர்த்தி.

"அக்காவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாம இருக்கிறதுதான் நல்லதுங்க. இங்க நீந்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

என் பீரோ, கிரைண்டர், மகளுக்கு வாங்கி வைத்த சீர்ப் பாத்திரம் எல்லாம் கண்ணுக்குள் மிதந்தன. இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடமில்லை. சட்டம் பேசவும் தெரியாது.

"தலைவரே, குளத்துல ஏற்கெனவே ஆறடி கிடக்கு. மேல ஊத்துனா ஏழடி ஆயிடும். அப்புறம் பொருந்தாது பாத்துக்கங்க" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்று தலைவர் கும்பிட்டார். லாரி திரும்பிப் போனது.

மறுநாள் அதிகாரி செல்போனும் கையுமாக வந்தார். செல்போனில் குளத்தைப் பார்த்தார், என் வாசலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, என் கூடத்தில் மெல்ல இறங்கினார்.

"தண்ணி ரொம்பச் சுத்தம். அடித்தரை வரைக்கும் தெரியுதே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, அன்றைக்கே பஞ்சர் கடையில் ஒரு பழைய லாரி டியூப் வாங்கிக் காற்றடித்து வைத்துக்கொண்டேன். அடுப்படிக்குப் போனாலும் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆழம் ஆறடி, நான் ஐந்தடிதான் இருப்பேன்.