பலாப்பால் தண்ணீருக்கு இளகாத கதை

மரமும் பறவையும் மழையும் ஒன்றோடொன்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது பலாவின் பால் தடிப்பாக இருக்கும், ஆனால் உறையாது. காயம் பட்டால் வடிந்துகொண்டே இருக்கும்.

மலைச்சரிவில் முள்ளாயி என்றொரு பலாமரம் இருந்தாள். அவளுடைய முதல் பிஞ்சு அடிமரத்தில் தொங்கியது. அதற்குச் சற்று மேலே ஒரு மரங்கொத்தி துளை போட்டுவிட்டுப் போயிருந்தது. அடைமழை வந்ததும் அந்தத் துளையைத்தான் முதலில் பார்த்தது.

"கொஞ்சம் ஒதுங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு மழைத்தண்ணீர் உள்ளே நுழைந்தது.

முள்ளாயி முதலில் பயப்படவில்லை. என் பால் தடித்தது, தண்ணீர் மெலிந்தது, அது என்ன செய்துவிடும் என்று இருந்தாள். அங்கேதான் ஏமாந்தாள். தண்ணீர் ஒரே வரிசையாக வரவில்லை. ஏதோ ஓரிடத்தில் மயிரிழை அளவு முன்னால் நீண்டது. நீண்ட இடத்தில் வழி சுலபமாயிற்று. பின்னால் வந்ததெல்லாம் அங்கேயே முண்டியடித்தது. தண்ணீருக்கு ஒரு விரல் முளைத்தது. அதன் நுனி பிளந்து இரண்டாயிற்று. அந்த இரண்டும் மறுபடி பிளந்தன. தடித்த பால் விரல்களுக்கு நடுவே தீவு தீவாகத் தனித்து நின்றது. கூட்டத்தை உடைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் உடைக்கிறார்கள். எதிரே வந்து மோதுவதில்லை.

விரல்கள் பிஞ்சின் காம்பைப் பார்த்துத் திரும்பின. காம்புக்குள் தண்ணீர் புகுந்தால் பிஞ்சு அழுகி விழும்.

"யாராவது வாங்களேன்!"

வெள்ளையன் என்ற காகம் வந்தான். மனிதர்களின் கூரைமேல் உட்கார்ந்தே வைத்தியம் படித்தவன் என்று அவனுக்கு ஒரு பெயர்.

"காயம்னா சாம்பல்தான் அத்தை. மனுசங்க அதைத்தானே அப்புறாங்க?"

"மனுசங்க காயத்துல பால் வடியுதாடா?"

"நீங்க ரொம்பத்தான் கேள்வி கேக்குறீங்க" என்றவன் ஒரு வீட்டு அடுப்புச் சாம்பலை அலகில் அள்ளிவந்து துளையில் கொட்டினான்.

காட்டில் எல்லோருக்கும் இருந்த வழக்கம்தான் அது. மனிதர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒருவரும் யோசித்துப் பார்த்ததில்லை. சாம்பல் தண்ணீரில் கரைந்து பாலைத் தொட்டது. தொட்ட இடத்தில் பால் இளகியது. இளகிய இடமெல்லாம் பாதையாயிற்று. விரல்கள் இரட்டை வேகத்தில் ஓடின.

"அத்தை, உள்ளே ஏதோ ஓடுற சத்தம் கேக்குது" என்றான் காகம். சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

மிச்சமிருந்தவை முசுறு எறும்புகள்தான். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிறவை. பிடித்தால் விடாமல் கடித்து, கடிவாயில் புளிப்பு நீரைப் பீய்ச்சுகிறவை. அவை கூடு தைக்க வந்தபோதெல்லாம் முள்ளாயி இலையை உதறித் துரத்தியிருந்தாள். இப்போது அவளே கூப்பிட்டாள்.

"இன்னைக்குத்தான் நாங்க கண்ணுக்குத் தெரியிறோமா?" என்றாள் செவத்தி, கூட்டத்தின் தலைவி.

"குத்திக்காட்டாதே தாயி. என் பிள்ளை போயிடும்."

செவத்தி துளைக்குள் எட்டிப் பார்த்தாள். "தண்ணியை எங்களால நிறுத்த முடியாது. பாலை மாத்தலாம். எங்க புளிப்பு பட்டா பால் உறையும். உறைஞ்சது மறுபடி ஓடாது. முன்னால நிக்கிற பால் அங்கேயே செத்துப்போகும். சம்மதமா?"

"மொத்தமும் உறைஞ்சுபோனா?"

"நீயும் சாவே. அதான் விரல் நுனியில மட்டும் விடணும். அதுவரைக்கும் போற எங்க ஆளுங்க திரும்ப மாட்டாங்க."

"அவங்களுக்கு நான் என்ன தரட்டும்?"

"அவங்களுக்கு ஒண்ணும் தர முடியாது. இருக்கிறவங்களுக்கு இலை வேணும். இனிமே உதறாதே."

முள்ளாயி பிஞ்சைப் பார்த்தாள். "போங்க" என்றாள்.

எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தண்ணீரும் பாலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் புளிப்பைக் கொட்டின. அங்கே பால் தோல் போலத் திரண்டது. விரல் முட்டியது. பிளந்து போகப் பார்த்தது; இரண்டு பக்கமும் தோல். காம்பின் வாசலில் மட்டும் தோல் கிழிந்து, ஒரு விரல் நூலாக உள்ளே நீண்டது. கடைசி எறும்பு அந்த நூலுக்குள் பாய்ந்தது. வாசல் அடைபட்டது.

மழை விட்டதும் தண்ணீர் வந்த வழியே வெளியேறியது. உள்ளே போன எறும்பு ஒன்றும் வரவில்லை. பிஞ்சு காம்பிலேயே இருந்தது.

மறுநாள் காகம் வந்து பார்த்தான். என் சாம்பல்தான் காப்பாற்றியது என்று காடு முழுக்கச் சொன்னான். காடும் நம்பியது.

நம்பினால் என்ன, பாலுக்குத் தெரியும். இன்றைக்கும் முசுறு கூடு தைத்தால் பலாமரம் இலையை உதறுவதில்லை. வெட்டினால் பால் வடிந்த இடத்திலேயே உறைகிறது. சுளை எடுப்பவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். எண்ணெய்க்கு அது விட்டுக்கொடுக்கும். ஆனால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும், அந்த அடைமழை நாளிலிருந்து, தண்ணீருக்கு மட்டும் அது பிடியை விடுவதே இல்லை.