குளத்துக்கு அடியில் உத்தண்டன் வீடு

உத்தண்டனுக்கு முதலில் கெடுதல் செய்தவர் பேராசிரியர் சிவக்கொழுந்து. அவருடைய மாணவப் பிள்ளைகள் எல்லாம் அப்புறம்தான். இந்த வரிசையை யாராவது மாற்றிச் சொன்னால் உத்தண்டனுக்குக் கோபம் வரும்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றடியில் ஒரு குளம். குளக்கரையில் உத்தண்டன் வீடு. நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து, கணினிக்குள் அதே மாதிரி இன்னொரு நிலத்தை உண்டாக்குகிற படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு. ஒரு நாள் காலையில் சிவக்கொழுந்து மூன்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். உத்தண்டன் கொடுத்த மோரைக் குடித்தார். குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டே புத்தி சொன்னார்.

“அசையாத ஒரு பொருள்ல குறி வெச்சு, எல்லா உயரத்தையும் அதிலேருந்து அளங்க. அப்புறம், கண்ணு சொல்றதை நம்பாதீங்க. அளவு சொல்றதை நம்புங்க.”

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

அசையாத பொருள் எது என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“அந்த வேப்பமரம்?” என்றான் லூர்து.

“காத்துல ஆடுது பாரு,” என்றாள் பல்கீஸ்.

“வீடு?”

“கதவு அசையுது.”

“அப்ப பாறை.”

மூவரில் தவசிதான் தலைவன். அவன் தலையை ஆட்டினான். “பாறை அசையாதுன்னு யாருடா பார்த்தா? நாமளே இப்பதான் வந்தோம். குளத்துல கிடக்கிற எருமையைப் பாரு. வந்ததிலேருந்து நான் கவனிக்கிறேன். காதுகூட ஆடலை.”

அது உத்தண்டனின் எருமை கரிச்சி. பாறையை விட்டுவிட்டுத் தன் எருமையைப் படித்த பிள்ளைகள் தேர்ந்தெடுத்ததில் அவருக்குச் சொல்ல முடியாத பெருமை. அவரே சுண்ணாம்பு கொண்டுவந்து அதன் முதுகில் கோடு போட்டார். கோட்டைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. ‘குளத்துத் தண்ணீர், எருமை மட்டம்’ என்று பல்கீஸ் எழுதிக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் கரிச்சி எழுந்து, குளத்தை விட்டு வெளியேறி, குன்றின் மேல் மேயப் போனது.

“எருமை நடக்குதே!” என்றான் லூர்து.

“அசையாத பொருள் எப்படிடா நடக்கும்? நிலம்தான் பின்னாடி போகுது. கண்ணு சொல்றதை நம்பாதேன்னு சார் சொன்னாரா இல்லையா?” என்றான் தவசி.

மூன்று கால் கருவியைத் தூக்கிக்கொண்டு மூவரும் எருமைக்குப் பின்னால் குன்று ஏறினார்கள். உச்சியில் அதன் முதுகுக் கோட்டிலிருந்து உத்தண்டன் வீட்டை அளந்தார்கள். வீடு எருமைக்கு நாற்பது அடி கீழே இருந்தது.

சாயங்காலம் அளவுகளைக் கணினியில் போட்டார்கள். குளத்துத் தண்ணீர் எருமை மட்டம். வீடு எருமைக்கு நாற்பது அடி கீழே. கணினி என்ன செய்யும்? வீட்டின் மேல் நாற்பது அடிக்கு நீல நிறத்தை ஊற்றிவிட்டது.

“ஐயோ, தாத்தா!” என்று பல்கீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூவரும் ஓடி வந்தபோது உத்தண்டன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். புதுக்கயிறு போட்ட கட்டில். அதில் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தரையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

“தாத்தா, பதறாதீங்க. நீங்க நாற்பது அடி தண்ணிக்குள்ள இருக்கீங்க,” என்றான் தவசி.

“ஏலே, பீடி எரியுதே?”

“கண்ணு சொல்றதை நம்பாதீங்க, தாத்தா.”

உத்தண்டன் பீடியைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அணைத்துவிட்டார். தண்ணீருக்குள் பீடி குடிப்பது நன்றாக இல்லை.

“முதல்ல சாமான்களைக் காப்பாத்துவோம்,” என்றான் லூர்து. காப்பாற்றும்படி அங்கே இருந்தது கட்டில் ஒன்றுதான். மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தூக்கிப் போய், துறைக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் பத்திரமாக வைத்தார்கள்.

முதுகு பிடித்துக்கொண்டதும், மறுநாளே உத்தண்டன் சிவக்கொழுந்திடம் நியாயம் கேட்கப் போனார். சிவக்கொழுந்து கணினியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். “தப்பு எங்கேன்னு நீங்களே கண்டுபிடிங்க. கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க,” என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர்கள் ஒன்றையும் தொடவில்லை. கட்டிலையும்தான்.

“தண்ணி எப்பதாம்லே வடியும்?” என்று உத்தண்டன் கேட்டார்.

தவசி நெடுநேரம் யோசித்தான். “எருமை முதுகுக் கோடும் உங்க வீட்டுத் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துட்டா வடிஞ்ச மாதிரிதான், தாத்தா. வந்து அளந்து பார்த்துட்டுக் கட்டிலைத் தந்துடுறோம்.”

இவ்வளவு சுலபமா என்று உத்தண்டன் கரிச்சியை வீட்டுக்குள் ஓட்டி வந்தார். கோடு இன்னும் இடுப்புக்கு மேலே இருந்தது. படுக்கவைத்தார். முழங்காலுக்கு மேலே இருந்தது. எருமையை அதற்குமேல் மடிக்க முடியாது. ஆகவே மண்வெட்டியை எடுத்து, வீட்டின் நடுவில், எருமை படுக்கிற அளவுக்குக் குழி தோண்டினார். குளக்கரை மண் அல்லவா? பாதி தோண்டும்போதே ஊற்று கிளம்பியது. அவர் விடவில்லை. கரிச்சி சந்தோஷமாக இறங்கிப் படுத்தது. கோடும் தரையும் ஒரே மட்டம். தண்ணீர் மட்டும் குழி நிறைந்து, தரையெல்லாம் பரவி, வாசற்படி தாண்டியது.

உத்தண்டன் ஓடிப்போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். மூவரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“நாங்க அன்னிக்கே சொன்னோமே, தாத்தா,” என்றான் தவசி வருத்தத்தோடு.

“மட்டம் சரியா இருக்குலே! கட்டிலைக் கொண்டாங்க!”

“இந்தத் தண்ணியிலயா? புதுக்கயிறு மக்கிப் போயிடுமே,” என்றாள் பல்கீஸ்.

உத்தண்டன் தண்ணீரைப் பார்த்தார். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

கட்டில் இன்னும் மொட்டைமாடியில் இருக்கிறது. கரிச்சி அந்தக் குழியை விட்டு அசைய மறுக்கிறது. வாசலில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்ட உத்தண்டன், அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்து, “மோரையும் குடிச்சிட்டு!” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொள்கிறார்.