கயிறு கட்டின பதினாறு பிட்

வெள்ளூரணிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நிறைய இருந்தது. எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கப்பழம் டிவி கேம் கடை வைத்திருந்தான். ஒரு டிவி, அதன் கீழே ஒரு எட்டு பிட் பெட்டி, எதிரே நீளமாக ஒரு பெஞ்சு. பிட் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. பெட்டியின் அட்டையில் எட்டு என்று பெரிசாகப் போட்டிருந்தது, அது போதும்.

கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கப்பழத்துக்கு இரண்டு பேர் துணை. யோசிக்கிற வேலை அவன் அத்தான் வைரவநாதனுக்கு. தலையாட்டுகிற வேலை நண்பன் சிலுவைமிக்கேலுக்கு. கேசட் ஓடாவிட்டால் நன்றாக ஊதிவிட்டுப் போடச் சொல்லி டிவி மெக்கானிக் சொல்லியிருந்தார். வாயால் ஊதினால் என்னத்தக் காற்று வரும் என்று சிலுவைமிக்கேல் சைக்கிள் கடைப் பம்பை வாங்கி வந்து அடித்தான். நடுநடுவே கேசட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பான். டயர் மாதிரி இறுகவே மாட்டேன் என்றது. பஞ்சர் போலிருக்கிறது என்று அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்றும் பார்த்தான். வந்தது. கேசட் அதற்கப்புறம் ஓடவில்லை.

தங்கப்பழத்துக்குக் கனகமணி மேல் ஆசை. கனகமணிக்கும் அவன்மேல் ஆசைதான். குறுக்கே நின்றது அவள் அப்பா பொன்னுலிங்கம். சொன்ன சொல்லில் ஒரு எழுத்து மாறமாட்டார். மூக்கால்தான் பேசுவார்.

"தீபாவளிக்கு மறுநாள் வந்து பார்ப்பேன். பெஞ்சு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கணும். இருந்தா தேதி குறிச்சிருவோம். இல்லைன்னா அடுத்த தீபாவளிக்கு வந்து பார்ப்பேன்."

அந்தத் தீபாவளிக்கு எதிர்ச்சாரியில் நாகூர்மீரான் கடை திறந்தார். சென்னையிலிருந்து புதுப் பெட்டி இறக்கியிருந்தார். பதினாறு பிட். ஒரே நாளில் பையன்கள் அத்தனை பேரும் சாலையைத் தாண்டிவிட்டார்கள். ஏன்லே என்று கேட்டதற்கு ஒருத்தன் சொன்னான், "அண்ணாச்சி, உங்க கடையில ஓடுறது ஆளா கரப்பானான்னே தெரியலை. அங்க ஆளுக்கு மீசை இருக்கு."

மூன்று பேரும் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"எட்டும் எட்டும் எத்தனை?" என்றார் வைரவநாதன்.

"பதினாறு" என்றான் தங்கப்பழம்.

"பிறகு எதுக்கு மாப்ள மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க?"

இன்னொரு எட்டு பிட் பெட்டி வாங்கி, முதல் பெட்டியின் மேல் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கயிறு தொய்ந்தால் பிட் ஒழுகிவிடும் என்று வைரவநாதன் முடிச்சுக்குமேல் முடிச்சுப் போட்டார். டிவியில் அதே கரப்பான்தான் ஓடியது. மறுநாள் பொன்னுலிங்கம் வந்தபோது பெஞ்சில் சிலுவைமிக்கேல் மட்டும் இருந்தான். அவர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அடுத்த தீபாவளிக்கு நாகூர்மீரான் முப்பத்திரண்டு பிட் கொண்டுவந்தார். கேசட்டுக்குப் பதிலாக வட்டமாகத் தட்டு போடுகிற பெட்டி. இவர்கள் நாலு பெட்டியாக உயர்ந்தார்கள். தட்டுக்கு எங்கே போவது? சிலுவைமிக்கேல் வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று கொண்டுவந்து உச்சியில் கவிழ்த்தான். சுவிட்சைப் போட்டதும் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இப்போது இரண்டு கடையிலும் சமமாக ஒருத்தரும் இல்லை. தங்கப்பழம் துள்ளிக் குதித்தான். ஆனால் பொன்னுலிங்கம் வந்து சேர்வதற்குள் மின்சார வாரியத்து ஆள் வந்து சரிசெய்து தொலைத்தார்.

அதற்கடுத்த வருஷம் அறுபத்து நாலு. எட்டுப் பெட்டி அடுக்கியதில் உச்சி விட்டத்தை முட்டியது. கேசட் போட ஏணி வைக்கவேண்டியதாயிற்று. ஏணி ஏறுகிற ஆசையில் பையன்கள் திமுதிமுவென்று வந்தார்கள். பொன்னுலிங்கம் உள்ளே நுழைந்து ஏணியையும் பார்த்தார், பெஞ்சையும் பார்த்தார்.

"மாமா, எம்புட்டுக் கூட்டம் பாத்தீயளா" என்றான் தங்கப்பழம்.

"ஏணியில இருக்கு. பெஞ்சுல இல்லையே" என்றார் மூக்கால். போய்விட்டார்.

கனகமணி சொல்லி அனுப்பினாள்: இந்தத் தடவையும் விட்டால் அப்பா வேறு இடம் பார்ப்பார், ஏதாவது செய்யச் சொல்லு. தங்கப்பழம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவனுக்குத் துணையாக சிலுவைமிக்கேலும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, அதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு சாப்பிட்டான்.

தீபாவளி வந்தது. நாகூர்மீரான் கடையில் கறுப்பாகப் புதுப் பெட்டி. கூட்டம் நடைபாதைவரை நின்றது. இந்தத் தடவை எத்தனை என்று பார்த்துவரச் சிலுவைமிக்கேலை அனுப்பினார்கள். அவன் அட்டையை முன்னே பின்னே மேலே கீழே புரட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய்த் திரும்பினான்.

"அண்ணே, நம்பரே போடலை."

வைரவநாதன் கண்ணை மூடி யோசித்தார்.

"நம்பர் இல்லைன்னா என்ன அர்த்தம்? பூஜ்யம். பூஜ்யத்துக்கு அம்புட்டுக் கூட்டம். நாமதான் இத்தனை வருஷமா ஏறுற பக்கம் போய்க்கிட்டிருந்திருக்கோம் மாப்ள."

அவசர அவசரமாக முடிச்சுகளை அவிழ்த்தார்கள். எட்டுப் பெட்டியையும் இறக்கிப் பின்னறையில் வைத்தார்கள். பூஜ்யம் ஆகிவிட்டது. வாசலில் காத்திருந்தார்கள். ஒரு பொடியன்கூட வரவில்லை.

"அவரும் பூஜ்யம், நாமளும் பூஜ்யம். சமமா இருந்தா எவன் வருவான்?" என்றான் தங்கப்பழம். வாழ்க்கையில் முதல்முறையாக அவனாக யோசித்தது இது. "நாம இன்னும் கீழ போகணும் அத்தான்."

"பூஜ்யத்துக்குக் கீழ எப்படிண்ணே போறது?" என்றான் சிலுவைமிக்கேல்.

அதற்கும் வழி இருந்தது. எட்டுப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து நாகூர்மீரான் கடையில் வைத்துவிட்டு வந்தார்கள். டிவியைக் கொண்டுபோனார்கள். பெஞ்சையும் கொண்டுபோனார்கள். நாகூர்மீரான் நல்ல மனிதர். என்ன ஏது என்று கேட்டார். விளக்கம் சொல்லத் தொடங்கினதும், வேண்டாம், அப்படி ஓரமாக வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். தங்கப்பழம் திரும்பி வந்து காலிக் கடைக்கு மேலே போர்டு மாட்டினான்: 'மைனஸ் 64 பிட். தமிழ்நாட்டில் வேறு எங்கும் கிடையாது.'

மறுநாள் பொன்னுலிங்கம் வந்தார். நாலு சுவரைப் பார்த்தார்.

"பெஞ்சு எங்கவே?"

தங்கப்பழம் விரலால் சாலைக்கு அந்தப் பக்கம் காட்டினான். பொன்னுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டினார். நாகூர்மீரான் கடைக்குள் குனிந்து பார்த்தார். உட்கார இடம் பற்றாமல் இருந்த கடையாயிற்றே, தங்கப்பழத்தின் பெஞ்சில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் மடியில் இன்னொருத்தன்.

திரும்பி வந்து தங்கப்பழத்தின் தோளில் கை வைத்தார்.

"பெஞ்சு நிறையணும்னுதான் நான் சொன்னேன். எந்தக் கடையிலன்னு சொல்லலை. தேதி குறிச்சிருவோம் மாப்பிள்ளை."

கல்யாணப் பேச்சு தொடங்கியது. நாகூர்மீரான் தங்கை கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்திருந்ததை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பொன்னுலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கணக்கை இதற்குள் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார். மண்டபத்தைப் பேசிவிட்டு, நம் கல்யாணத்துக்கு ஒரு ஆள் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐயருக்குச் சொல்லவில்லை. மேளத்துக்குச் சொல்லவில்லை.

"நானாச்சும் வரலாமாப்பா?" என்றாள் கனகமணி.

"நீ வந்தா ஒண்ணு ஆயிரும்மா. கௌரவம் என்னத்துக்கு ஆகும்?"

முகூர்த்த நாளன்று மண்டபம் பூட்டிக் கிடந்தது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பட்டு உடுத்தி, வேன் பிடித்து, பக்கத்து ஊரில் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தருடைய கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதி, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மைனஸில் போகவேண்டுமே.

வெள்ளூரணியில் இன்றைக்குவரை அதைவிடப் பெரிய கல்யாணம் நடக்கவில்லை.