கோட்டை வாசலுக்கு மேலே ஒரு துளை

ஓமானில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருந்தார் கீழக்கரை செய்தகமது. கேட்ட மருந்தை எடுத்துக் கொடுப்பார். கடை அடைத்ததும் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார். வருடங்கள் பல ஓடியும் ஊரில் ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'மருந்துக்கடை இந்தியாக்காரர்'தான்.

இனி இந்த ஊரில் இருப்பதில்லை என்று முடிவெடுத்தார். தமக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த ஆசிரியர் உஸ்தாத் சாலிமிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போனார்.

“எங்கள் கோட்டையைப் பார்த்திருக்கிறாயா?” என்றார் உஸ்தாத்.

“இல்லை.”

“பார்க்காமலா போவாய்? வா.”

பழைய மண்கோட்டை. நுழைந்ததுமே செய்தகமதுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் கேள்வியாயிற்று. ஓர் அறையின் தரை முழுக்கச் சின்னச் சின்ன வாய்க்கால்கள்.

“இது எதற்கு உஸ்தாத்?”

“பேரீச்சம்பழ மூட்டைகளை இதன்மேல் அடுக்குவார்கள். பாரம் அழுத்த அழுத்தப் பாகு வழிந்து ஜாடியில் சேரும்.”

“யார் சாப்பிட?”

“விருந்தாளிக்கு ரொட்டியோடு வைப்பார்கள். பகைவன் வந்தால் கொதிக்கவைத்து அவன் தலையில் ஊற்றுவார்கள்.”

செய்தகமது சிரித்துவிட்டார். “எங்கிருந்து ஊற்றுவார்கள்?”

உஸ்தாத் அவரை உள்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தலைக்கு நேர் மேலே, கூரையில் ஒரு நீளத் துளை. அதற்குள் இருட்டு. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் செய்தகமதுக்குப் பிடரி கூசியது. சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

“வந்து நிற்பவன் விருந்தாளியா பகைவனா என்று மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?”

“ஏறிப் பார்.”

குறுகலான படிகளில் ஏறினார். துளையோரம் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். கீழே ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. முகம் தெரியவில்லை.

“உஸ்தாத்!”

பதில் இல்லை. தொப்பி அசையவும் இல்லை.

“நீங்கள்தானே?”

அதற்கும் பதில் இல்லை. வேறு யாராவது வந்து நிற்கிறார்களோ? செய்தகமது துளைக்குள் இன்னும் தலையை நீட்டினார். கோபம் வந்தது.

“யாரது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால்தானே யாரென்று தெரியும்!” என்று கத்தினார்.

தொப்பிக்காரர் அண்ணாந்து பார்த்தார். உஸ்தாத்தான்.

“இந்த ஊர்க்காரர்கள் உன்னைப் பற்றி என்னிடம் இதையேதான் சொன்னார்கள்,” என்றார்.