மூன்று மலை தாண்டிய கறி

மூங்கில் காட்டின் பாறை இடுக்கில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. ஏழு பெரியவை, ஐந்து குட்டிகள். செந்நாய்கள் கறியைக் கவ்விக்கொண்டு வருவதில்லை. வேட்டையாடிய இடத்திலேயே வயிறு முட்டத் தின்னும். வீடு திரும்பிக் குட்டிகளின் முன் கக்கிக் கொடுக்கும். கேட்க ஒரு மாதிரி இருக்கலாம். குட்டிகளுக்கு அதுதான் விருந்து.

அன்றைக்குக் குட்டிகள் தின்று இரண்டு நாள் ஆகிவிட்டது. தாய் செம்பியிடம் பாலும் வற்றிப்போயிருந்தது.

"இன்று எங்கே போகலாம்?" என்று கேட்டது தலைவன் சூரன்.

மரத்திலிருந்த கரிச்சான் குருவி முந்திக்கொண்டது. "மூன்று மலைக்கு அப்பால் ஒரு புல்வெளி. அங்கே நாற்பது கடமான்! என் கண்ணாலேயே பார்த்தேன்."

சூரனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "அப்படியானால் அங்கேதான்."

"பக்கத்து ஓடைக்குத் தினமும் ஒரு கடமான் உப்பு மண் நக்க வருகிறதே" என்றது செம்பி.

"ஓடை முழுக்க முள். நாற்பதை விட்டுவிட்டு ஒன்றுக்காக உடம்பைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறாயா?"

"நீங்கள் எத்தனையைத் தின்பீர்கள்?"

"ஒன்றைத்தான்."

"அப்புறம் நாற்பது எதற்கு?"

சூரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மலைப் பக்கம் திரும்பியது. தலைவன் அல்லவா! ஆறு செந்நாய்களும் புறப்பட்டுப் போயின. செம்பி குட்டிகளுக்குக் காவல் இருந்தது.

கரிச்சான் சொன்னது பொய்யில்லை. புல்வெளியில் கடமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. ஒன்றை மடக்கி, தொண்டை வரை தின்றன. பிறகு மூன்று மலை ஏறி இறங்கி, மறுநாள் காலையில் வீடு வந்து சேர்ந்தன.

குட்டிகள் ஓடிவந்து சூரனின் வாயை நக்கின. சூரன் குனிந்து கக்கப் பார்த்தது. கொஞ்சம் புளித்த தண்ணீர்தான் வந்தது. மற்ற ஐந்துக்கும் அதே கதி. மலை ஏறி இறங்கியதில் தின்றதெல்லாம் செரித்துவிட்டது. கடைக்குட்டி படுத்த இடத்தை விட்டு எழவே இல்லை.

"இரை எங்கே இருக்கிறது என்று பார்த்தாய். குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவில்லையே, சூரா" என்றது செம்பி.

சூரன் காதுகளைத் தாழ்த்திக்கொண்டது. களைப்பாறக்கூட உட்காரவில்லை. நேராக ஓடைக்குப் போய் முள்ளுக்குள் புகுந்தது. மற்றவை பின்னாலேயே போயின. முகமெல்லாம் கீறல். வெயில் தாழ்ந்ததும் கடமான் வந்தது. அதை ஓடைத் தண்ணீருக்குள் விரட்டி, வளைத்து வீழ்த்தின.

தின்றதும் ஒரே ஓட்டம். இந்த முறை சூடு ஆறாத கறி குட்டிகளின் முன் விழுந்தது. கடைக்குட்டி மோந்து பார்த்தது, தள்ளாடி எழுந்தது, தின்றது. இன்னும் வேண்டுமென்று அக்காவின் காதைக் கடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் செம்பிக்கு உயிர் வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கால் நீட்டிப் படுத்தது.

கரிச்சான் மறுபடி வந்தது. "நான்கு மலைக்கு அப்பால் அறுபது கடமான்."

சூரன் மூக்கில் தைத்த முள்ளைத் தேய்த்துக்கொண்டே சொன்னது: "உனக்கு இறக்கை இருக்கிறது. நீ போய்வா."

நிறையக் கிடைக்கிற இடம் நல்ல இடமல்ல. கிடைத்ததை வீடு கொண்டுவந்து சேர்க்க முடிகிற இடமே நல்ல இடம்.