துணி சுமந்த நாற்காலி

கோவில்பட்டியில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது.

இரும்புச் சட்டத்தில் பச்சை ஒயர் பின்னிய நாற்காலி. பழைய ஒயர் தொய்ந்து அறுந்தபோது, வீட்டுக்காரர் அய்யாத்துரை அதைத் தூக்கிப் போடவில்லை. புது ஒயர் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பின்னினார். அந்த வீடு அப்படிப்பட்டது. அங்கே எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது.

பின்னி முடித்ததும் நாற்காலி நிமிர்ந்து நின்றது. என்மேல் முதலில் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஆவலோடு காத்திருந்தது.

முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு துண்டு.

"தப்பாக நினைக்காதே," என்றது துண்டு. "கொடியிலிருந்து எடுத்து வந்தார்கள். மடிக்க நேரமில்லையாம். அதனால் என்னை இங்கே வைத்துவிட்டார்கள்."

துண்டின் பின்னால் ஒரு ஆள் நின்றார். மெலிந்த உடம்பு, பணிவான குரல். கையில் பெட்டி படுக்கை எதுவும் இல்லை. அதனால் தங்க வந்தவர் என்று யாருக்கும் சந்தேகம் வராது.

"என்னைத் 'திருவாளர் இப்போதைக்கு' என்பார்கள்," என்றார். "ஒரு நிமிஷ வேலைதான்."

"எப்போது போவீர்கள்?" என்று கேட்டது நாற்காலி.

"இதோ, போய்க்கொண்டே இருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

மறுநாள் துண்டின்மேல் ஒரு லுங்கி வந்தது. லுங்கியின்மேல் ஒரு சுடிதார் வந்தது. அதன்மேல் மழையில் நனைந்த ஒரு கட்டைப் பை. ஒவ்வொன்றையும் கைபிடித்து அழைத்து வந்தவர் திருவாளர் இப்போதைக்குதான். சில நாட்களில் நாற்காலியின் கைகள்கூட வெளியே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதைத் துணி மூட்டை என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார்.

நாற்காலி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் அதற்கு வந்த கெட்ட காலம். வெளியிலிருந்து வருகிற கை எதுவானாலும் முதலில் அதைத்தான் தொடும். வைக்கிறவர்கள் மூன்று பேர்: அய்யாத்துரை, அவர் மனைவி சண்முகக்கனி, கல்லூரியில் படிக்கும் மகள் வல்லி. எடுத்து மடிக்கிறவள் ஒருத்திதான். அவள் சண்முகக்கனி.

அவளுக்குக் கடலைமிட்டாய் கம்பெனியில் பொட்டலம் போடும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். முழங்கால் இரண்டும் வீங்கத் தொடங்கியிருந்தன. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே தரையில உக்காந்து எந்திரிக்கக் கூடாதும்மா. வீட்டுக்குப் போனதும் நாற்காலியில உக்காருங்க. அலட்சியமா விட்டா நடக்கிறதே கஷ்டமாயிரும்."

அன்று சாயங்காலம் சண்முகக்கனி வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பார்த்தாள். துணிகளின் இடுக்கு வழியாக நாற்காலியும் அவளைப் பார்த்தது.

"எல்லாத்தையும் மடிக்கணும்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உலை வைக்க வேண்டும். தண்ணீர் வருகிற நேரம், குடங்களை நிரப்ப வேண்டும். "சரி, இப்போதைக்கு இருக்கட்டும்."

திருவாளர் இப்போதைக்கு அவளுக்குக் கும்பிடு போட்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எழுவதற்கு இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றித்தான் எழுந்தாள். அதை நாற்காலி பார்த்துவிட்டது.

துணி சுமந்தபோது வராத கோபம் அதற்கு அப்போது வந்தது. பரணை நோக்கிக் குரல் கொடுத்தது.

"உதவும் அக்கா, கொஞ்சம் இறங்கி வா."

உதவும் அக்கா அந்த வீட்டில் ரொம்ப காலமாக இருப்பவள். காலி பாட்டிலைக் கழுவிக் காயவைத்துப் பருப்பு போட்டு வைக்கிறவள். கிழிந்த வேட்டியில் இட்லித் துணி கிழித்துக் கொடுக்கிறவள். 'உதவும், இருக்கட்டும்' என்று அவள் எடுத்து வைத்தவற்றால்தான் அந்தக் குடும்பம் கைமாற்று வாங்காமல் நடந்தது.

"எல்லாம் உன்னால் வந்தது," என்றது நாற்காலி. "எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என்னை மூட்டையாக்கிவிட்டாய்."

அக்கா இடுப்பில் கைவைத்தாள். "என் பரணை வந்து பார். பாட்டில் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். பொத்தான் டப்பாவில் பொத்தான் மட்டும்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கேட்டது கிடைக்கும். நான் எதை வைத்தாலும் அதற்கு இடம் பார்த்துத்தான் வைப்பேன். உன்மேல் ஏறியிருப்பவர்கள் என் ஆட்கள் இல்லை. அதோ நிற்கிறாரே, அவருடைய ஆட்கள்."

திருவாளர் இப்போதைக்கு மெல்ல இருமினார். "நானும் இடம் பார்த்துத்தான் வைக்கிறேன்."

"ஆமாம், அடுத்தவர் இடமாகப் பார்த்து."

இதற்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புன்னகை செய்தார். அவரோடு யாராலும் சண்டை போட முடியாது. அவரை வெளியேற்றுவது கடினமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

மனைவி தரையில் உட்கார்ந்து எழுவதை அய்யாத்துரையும் பார்த்தார். அவருக்கும் மனசு பொறுக்கவில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தள்ளுபடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தா கனி, இது ஒனக்கே ஒனக்கு. அது துணிக்குன்னு இருந்துட்டுப் போகுது."

"ஒரு நாற்காலியக் காலி பண்ண முடியாம இன்னொரு நாற்காலி வாங்குன ஆளு ஊர்லயே நீங்கதான்," என்றாள் சண்முகக்கனி.

"உக்காந்து பாத்துட்டுச் சொல்லு."

நீல நாற்காலி பளபளவென்று இருந்தது. பச்சை நாற்காலியை மேலும் கீழும் பார்த்தது. "நீ என்ன, துணி ஸ்டாண்டா?"

"நாற்காலி."

"அப்படித் தெரியவில்லையே."

"உன்னைப் பார்த்தாலும் தெரியாமல் போகும். கொஞ்சம் பொறு."

முதல் நாள் சண்முகக்கனி அதில் உட்கார்ந்தாள். நீலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் வல்லி கல்லூரியிலிருந்து வந்து, புத்தகப் பையை அதில் இறக்கினாள். பையின்மேல் அய்யாத்துரையின் காக்கிச் சட்டை விழுந்தது. அதன்மேல் மாவு மில்லிலிருந்து வந்த தூக்குச் சட்டி ஏறி உட்கார்ந்தது.

"யார் இவர்களெல்லாம்? எப்போது இறங்குவார்கள்?" என்று கேட்டது நீலம்.

ஒரு மெலிந்த கை அதன் தோளைத் தட்டிக்கொடுத்தது. "ஒரு நிமிஷ வேலைதான், தம்பி."

பச்சை நாற்காலி சிரிக்கவில்லை. "முன்பு அவளுக்கு உட்காரத்தான் இடமில்லை," என்றது. "இப்போது நடக்கவும் இடமில்லை."

சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அதற்கு முந்தின நாள் அய்யாத்துரை கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்கிய வெள்ளைச் சட்டையைப் பச்சை நாற்காலியின் குவியல்மேல் பதமாக வைத்தார். மடிப்புக் கலையாத அந்தச் சட்டை மற்ற துணிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று கம்பெனியில் வேலை அதிகம். சண்முகக்கனி கதவைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றாள். தரையைப் பார்த்தாள். முழங்கால் மடங்காது என்று தெரிந்தது.

நாற்காலிகளால் மனிதர்களோடு பேச முடியாது. பச்சை நாற்காலி தன்னால் முடிந்ததைச் செய்தது. நான்கு கால்களையும் தரையில் ஊன்றி அசையாமல் நின்றது.

சண்முகக்கனி திரும்பினாள். துணிக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடியில் கிடந்த துண்டுக்கு மூச்சு முட்டியது. வெள்ளைச் சட்டை வாழ்க்கையில் முதல்முறையாகக் கசங்கியது. சண்முகக்கனி தூக்குச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை நீட்டி, நீல நாற்காலியில் இருந்த பையின்மேல் வைத்துக்கொண்டாள்.

அய்யாத்துரை உள்ளேயிருந்து வந்தார். "கனி, அதுல என் வெள்ளைச் சட்டை இருக்கு."

"தெரியும். பாத்துட்டுத்தான் உக்காந்தேன்."

"நாளைக்குப் போடுறதுக்கு வச்சிருக்கேன்."

"நாற்காலிய நான் உக்கார்றதுக்கு வச்சிருக்கு."

அவர் குனிந்து சட்டையின் நுனியைத் தேடினார். "கொஞ்சம் எந்திரிச்சேன்னா எடுத்துக்கிருவேன்."

"எந்திரிச்சா வலிக்கும். டாக்டர் உக்காரச் சொல்லியிருக்காரு. நீங்க உருவிக்கோங்க."

அவர் பின்னால் வந்து நின்ற வல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ என்ன சிரிக்க? ஒன் துப்பட்டா என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. ஒன் பை என் காலுக்கு அடியில இருக்கு. ரெண்டு பேரும் வாங்க."

அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுத்தாள். அய்யாத்துரை சட்டையை உருவினார். அது பாதி வெளியே வந்ததும் அவள் மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வைப்பீங்க? சொன்னாத்தான் விடுவேன்."

"இப்போதைக்கு அந்த நீல நாற்காலியில..."

திருவாளர் இப்போதைக்கு ஆவலோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அதுல என் கால் இருக்கு," என்றாள் சண்முகக்கனி.

அய்யாத்துரை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தன் சட்டை எங்கே இருக்க வேண்டும் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. "பீரோவுல, ஹேங்கர்ல," என்றார் கடைசியில். அவள் விட்டாள்.

துண்டு கொடிக்குப் போகிறேன் என்றது. அதை வல்லிதான் கொண்டுபோனாள். லுங்கி மடிந்து பெட்டிக்குள் போனது. புத்தகப் பை ஆணியில் ஏறியது. தூக்குச் சட்டி சமையலறைக்குப் போனது. ஒரு நைந்த பனியன் மட்டும் மிச்சம் இருந்தது. அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரணிலிருந்து உதவும் அக்கா கையை நீட்டி, "கரித்துணிக்கு ஆகும்," என்று வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக உருவ உருவ, சண்முகக்கனி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினாள். கடைசியில் ஒயரின்மேல் வந்து அமர்ந்தாள். பச்சை ஒயர் அவளுக்காக லேசாகக் குழிந்து தாங்கிக்கொண்டது. அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

திருவாளர் இப்போதைக்கு வீட்டின் நடுவில் நின்றார். நாற்காலி ஒன்றில் அவள் இருந்தாள், இன்னொன்றில் அவள் கால் இருந்தது. அவர் பச்சை நாற்காலியின் அருகே வந்து, "நான் எங்கே நிற்பது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"உங்களுக்கு ஒரு நிமிஷ வேலைதானே இருந்தது," என்றது நாற்காலி. "அது முடிந்துவிட்டது."

மறுநாள் அய்யாத்துரை கல்யாண வீட்டிலிருந்து திரும்பினார். ஒரு கையில் தேங்காய்ப் பை. மறு கையில் சொட்டச் சொட்ட நனைந்த குடை. வாசலில் நின்று பழக்கப்படி நாற்காலியைத் தேடினார். அதில் அவர் மனைவி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

அவர் பையையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் கனம் ஏற ஏற, தேங்காய் எங்கே போக வேண்டும், குடை எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிந்தது.