வாரிவழங்கி வைத்த தேனீ விருந்து

அவசர வேலை இருப்பவர்கள் போகலாம், மற்றவர்கள் கேளுங்கள். மலையடி நாடு ஒன்றை முன்னொரு காலத்தில் ஓர் அரசன் ஆண்டான். அவன் பெயர் யாருக்கும் நினைவில்லை. தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம்தான் நிலைத்தது: வாரிவழங்கி.

அவன் தோட்டத்தில் முப்பது மண்பானைகளில் தேனீக்கள் குடியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவள் பூதி. பிள்ளைகுட்டி இல்லாதவள். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பானையிலும் காது வைத்துக் கேட்பாள். ரீங்காரம் கேட்டால்தான் அவளுக்குக் கஞ்சி இறங்கும்.

சித்திரையில் அரசன் தேன் எடுக்கச் சொன்னான். ஒரு முறை எடுத்தார்கள், இனித்தது. இரண்டாம் முறை எடுத்தார்கள், இன்னும் இனித்தது. மூன்றாம் முறை அடையோடு வழித்தே எடுத்துவிட்டார்கள். "மழைக்காலத்துக்குக் கொஞ்சம் விட்டு வையுங்க, சாமி" என்று பூதி கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

கார்த்திகை வந்தது. அடைமழையில் பூ ஏது, தேன் ஏது? பானைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. பூதி அரண்மனைக்கு ஓடினாள்.

"கற்கண்டைத் தண்ணியில கரைச்சு, பொழுது சாயுற நேரமா, பானைக்குள்ள ஒரு தேங்காச் சிரட்டை வச்சாப் போதும், சாமி. பொழைச்சுக்கும்."

அரசனின் மனம் உருகியது. தன் மனம் உருகுவதைப் பார்த்து இன்னும் உருகினான். ஒரே ஒரு சந்தேகம்தான். "பொழுது சாய்ந்தபின் கொடுத்தால் யார் பார்ப்பார்கள்?"

ஆகவே மழை விட்ட ஒரு நண்பகலில் தோட்டத்து நடுவில் பந்தல் போட்டார்கள். முரசு வந்தது, மூன்று புலவர்கள் வந்தார்கள், ஓர் அண்டா நிறையக் கற்கண்டுப் பாகு வந்தது.

"வெளியில வேண்டாம் சாமி! வாசனை பட்டா ஒண்ணையொண்ணு கொள்ளையடிக்கும்" என்று பதறினாள் பூதி.

"வாரிவழங்கியின் நாட்டில் கொள்ளையா?" என்று அமைச்சர் அவளை ஓரமாய் நிறுத்தினார்.

முதல் புலவர் அரசனை மேகம் என்றார். இரண்டாமவர் தாய் என்றார். மூன்றாமவர், வேறொன்றும் மிச்சமில்லாததால், பூ என்றார். அரசன் பூரித்துப்போய்த் தன் கையாலேயே பாகை அள்ளி அள்ளி ஊற்றினான். பாதி அவன் பட்டாடையில் சிந்தியது.

முதலில் வந்த தேனீக்கள் அண்டாவில் விழுந்து மூழ்கின. அடுத்து வந்தவை ருசி கண்டு, நலிந்த கூட்டங்களின் பானைகளில் புகுந்து, காவல் நின்றவற்றைக் கொன்று, இருந்த சொட்டுத் தேனையும் சூறையாடின. மூன்றாவதாக வந்தவை, புலவர் சொல்லை நம்பினவைபோல, அரசன்மீதே உட்கார்ந்தன. அவன் கையை வீசினான், அவை கொட்டின. அலறிக்கொண்டு குளத்தில் குதித்தான். முரசடிப்பவன் அதுவும் விழாவில் சேர்த்தி என்று நினைத்து விடாமல் அடித்தான்.

அரசனின் முகம் வீங்கி உருண்டது. முழுமதி என்று புலவர்கள் இத்தனை நாள் பாடியது அன்றுதான் உண்மையாயிற்று.

எல்லோரும் போனபின் பூதி பானைகளில் காது வைத்தாள். ஒன்பதில் மட்டும் சத்தம் இருந்தது. அழுதாள். அழுதுகொண்டே, கொள்ளைத் தேனீ புகாதபடி அந்த ஒன்பதின் வாய்களையும் களிமண்ணால் குறுக்கினாள். பொழுது சாய்ந்ததும், மிஞ்சிய பாகை வடிகட்டி, பானைக்கு ஒரு சிரட்டை உள்ளே வைத்து, தேனீக்கள் மூழ்காமலிருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டாள். மழைக்காலம் முடியும்வரை இதையே செய்தாள். ஒரு புலவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தை பிறந்து பூ வந்தது. ஒன்பது கூட்டமும் பிழைத்தன. சித்திரையில் அரசன் மூன்று குடம் தேன் கேட்டான். பூதி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மிச்சம் எங்கே?"

"மிச்சம் அதுங்க சோறு, சாமி. வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்குங்க."

வாரிவழங்கி தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அந்த ஒரு குடத்தையே உள்ளே எடுத்துப்போகச் சொன்னான்.

ஆகையால், கேட்டவர்களே, பசித்தவருக்குக் கொடுக்கிறவன் அவர் வயிற்றைப் பார்த்துக் கொடுக்க வேண்டுமே தவிர, ஊர் பார்க்கக் கொடுக்கக் கூடாது.